மோட்டாரை முதலில் வாங்காதீர்கள்: டிசைன் ப்ராஜெக்ட்டில் நான் பட்ட பாடு

எங்கள் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஆறாவது செமஸ்டரில் டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் ப்ராஜெக்ட் என்று ஒரு பாடம் இருந்தது. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு பாடத்தில் நான் 26,000 ரூபாயையும் முழுசாக ஏழு வாரத்தையும் விட்டேன். பணம் அம்மாவுடையது. சேலத்தில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் கொலுசு வேலைதான், அம்மாவும் வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோக்கிறவர். அதில் மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த சீட்டை எனக்காகப் பாதியில் தள்ளி எடுத்துக் கொடுத்தார். அதனால் இதை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது தப்பித்திருக்கும்.

பேட்ச்சில் நாங்கள் நான்கு பேர். ஒருவன் பிளேஸ்மென்ட் கோச்சிங் என்று போய்விட்டான். ஒருவன் ஜனவரியிலேயே பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு. மூன்றாவது ஆள் ‘நீ சொல்லு, நான் செய்றேன்’ வகை, ஆனால் சொல்லும்போது போனை எடுக்க மாட்டாள். அவள்தான் ஒரு நாள், ப்ராஜெக்ட் சென்டரில் 15,000 கொடுத்தால் ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து ரெடிமேடாகக் கிடைக்கும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கலாம் என்றாள். நான் பெரிய யோக்கியம் பேசி மறுத்தேன். பிறகு வந்த வாரங்களில் அந்த 15,000 எத்தனை தடவை ஞாபகத்துக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

யோசனை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. என் மாமா குட்டி யானை ஓட்டுகிறார். ஏற்காட்டுக்குச் சாமான் ஏற்றிப் போய், வரும்போது மேலேயிருந்து கிடைத்த லோடை ஏற்றி வருவார். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவர், “மேல இன்னும் மிளகைக் கால்லயே மிதிச்சுத்தான் உதிர்க்கறாங்க, நீ இஞ்சினியருக்குத்தான படிக்கற, ஒரு மெஷின் பண்ணிக் குடு” என்றார். அவ்வளவுதான். என் மண்டைக்குள் பிரச்சினை என்ன, விடை என்ன இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டன. ஜீரோத் ரிவ்யூவில் தலைப்பு ‘மோட்டாரில் இயங்கும் மிளகு உதிர்க்கும் இயந்திரம்’. செலவு எவ்வளவு, எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள், சரி என்றார்கள். யார் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘விவசாயிகள்’ என்று சொல்லியிருப்பேன், அதற்கும் சரி என்றிருப்பார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், வடிவமைப்பு முறையின் படிகள் எனக்கு அப்போதே மனப்பாடம். தேவையைக் கண்டுபிடி, பிரச்சினையை வரையறு, தகவல் திரட்டு, பல யோசனைகளை யோசி, ஒன்றைத் தேர்ந்தெடு, மாதிரி செய், சோதி, திருத்தித் திரும்பச் செய். எட்டு கட்டம் போட்டு அம்புக்குறி போட்டு எத்தனை தேர்வில் வரைந்திருக்கிறேன். மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் மூன்றாவது பக்கத்தில் ஒட்டிவிட்டு, நேராகப் போய் மோட்டார் வாங்கினேன். தலைப்பிலேயே மோட்டார் என்று எழுதிவிட்டால் முதல் ஐந்து கட்டத்தையும் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், அது அன்றைக்குப் புரியவில்லை. உங்கள் தலைப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் செய்யப் போகிற பொருளின் பெயர் இருக்கிறதா, யாரோ ஒருவர் படுகிற கஷ்டம் இருக்கிறதா? பொருள் மட்டும் இருந்தால் இன்னும் தலைப்பு வைக்கிற நேரம் வரவில்லை.

மோட்டார் பழையது, ஒரு எச்.பி., சிங்கிள் ஃபேஸ், 3,800 ரூபாய். மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷம். அந்த மோட்டார் வந்த பிறகு நான் எதையும் வடிவமைக்கவே இல்லை, மோட்டார்தான் வடிவமைத்தது. அது 1,440 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. கடையில் இருந்த புல்லிகளை வைத்துப் பாதியாகக் குறைத்தால் 720. மிளகை உதிர்க்கச் சுற்றுகிற டிரம்மின் விட்டம் 300 மில்லிமீட்டர், ஏனென்றால் அந்த அளவில்தான் லேத் பட்டறையில் ஒரு பைப் துண்டு கிடந்தது. கணக்குப் போட்டால் டிரம்மின் விளிம்பு நொடிக்கு 11 மீட்டருக்கு மேல் ஓடும். மிளகுக்கு அந்த வேகம் தாங்குமா என்று நான் கணக்குப் போட்டது எப்போது தெரியுமா, எல்லாம் முடிந்து ரிப்போர்ட் எழுதும்போது.

பட்டறைக்குள் போய் நின்றாலே முதல் கேள்வி, “என்ன பாப்பா, அப்பா அனுப்பினாரா?” என்பதுதான். நானே வரைந்தது என்று டிராயிங்கை நீட்டினால் ஒரு சிரிப்பு. அதற்காகவே, பெண் பிள்ளை டிசைன் என்று லேசாக நினைத்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கனமாகப் போட்டேன். ஃப்ரேமுக்கு 40-க்கு 40, ஐந்து எம்எம் ஆங்கிள். அது மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. 12 மீட்டர் ஓடியது, ஃப்ரேம் மட்டும் 36 கிலோ. 25-க்கு 25, மூன்று எம்எம் போட்டிருந்தால் மீட்டருக்கு 1.1 கிலோதான், மொத்தம் 13 கிலோவில் முடிந்திருக்கும், இந்த மெஷினின் பாரத்துக்கு அது போதும். செலவுக் கணக்கு: ஆங்கிள், தகடு, ஷாஃப்ட் 7,200, லேத், வெல்டிங் கூலி 8,500, பேரிங், புல்லி, பெல்ட் 2,600, பெயின்ட், போல்ட் நட்டு 900. பிறகு மேலே கொண்டுபோய்க் கொண்டுவந்த செலவு 3,000, மாமா டீசலுக்கும் ஏற்றி இறக்கிய ஆட்களுக்கும் மட்டும்தான் வாங்கினார். மோட்டாரோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாமா இரண்டு கிலோ மிளகுச் சரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அன்று காலையில் பறித்தது. பட்டறை வாசலிலேயே ஓட்டிப் பார்த்தோம். உதிர்ந்தது. தெருவெல்லாம் உதிர்ந்தது. பட்டறைக்காரர் கைதட்டினார், நான் வீடியோ எடுத்து பேட்ச் குரூப்பில் போட்டேன். கீழே கிடந்த மிளகைக் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கவில்லை. சோதனை என்பது மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பது என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி மூன்றாவது வாரம், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டையும் தாண்டிப் போய், மாமாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர்களுக்குக் கொஞ்சம் காப்பி, அதற்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக்கில் எல்லாம் மிளகுக் கொடி. வண்டி நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்குக் காப்பிச் செடிக்கு நடுவே பத்து நிமிட ஒற்றையடிப் பாதை. மெஷின் மொத்தம் 82 கிலோ. நான்கு பேர் மூங்கில் கொடுத்துத் தூக்கினார்கள், வழியில் மூன்று தடவை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் டிவி பக்கத்தில் ஒரு அஞ்சு ஆம்பியர் பிளக், அவ்வளவுதான். வயரை நீட்டிக் கொடுத்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகியது, சுற்றவில்லை. லைட் மங்கிவிட்டது. மல்டிமீட்டரில் 170 வோல்ட் காட்டியது. இண்டக்‌ஷன் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் டார்க், அதாவது சுற்றத் தொடங்குகிற விசை, வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும் என்று நான்காவது செமஸ்டரில் படித்தேன். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் டார்க் ஏறக்குறைய பாதிதான். படித்ததெல்லாம் சரியாக அந்த வாசலில் நிற்கும்போது ஞாபகம் வருகிறது பாருங்கள். பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டு எப்படியோ சுற்ற வைத்து ஒரு கூடை சரத்தைப் போட்டோம். அந்த வீட்டுப் பாட்டி விழுந்த மிளகை ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பாதிக்குத் தோல் கழன்று வெள்ளையாகத் தெரிந்தது. “தோலு போயிடுச்சே கண்ணு, இது கருப்பா காயாதே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. மிளகு கருப்பாவதே அந்தத் தோல் காய்ந்துதான். காம்பும் துண்டு துண்டாக நறுங்கி மிளகோடு கலந்து கிடந்தது.

பிறகு காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அப்போது சொன்ன இரண்டு விஷயத்தில் என் ஏழு வாரமும் போய்விட்டது. ஒன்று, பறித்த அன்றைக்கே அவர்கள் மிதிப்பதில்லையாம். “சாக்குல போட்டு ஒரு ராத்திரி கட்டி வெச்சிட்டா காம்பு தானா இளகிக்கும், காலையில லேசா மிதிச்சாப் போதும்.” நான் பறித்த அன்றே சோதித்ததால் மிளகு பிடிவாதமாக ஒட்டியிருந்தது, அவ்வளவு வேகம் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியாமலே போனது. இரண்டாவது, “மிதிக்கறதெல்லாம் ஒரு வேலையா கண்ணு, பேசிக்கிட்டே மிதிச்சிடுவோம். அதுக்கப்புறம் உக்காந்து காம்பு பொறுக்கறோமே, அதுலதான் முதுகு ஒடியுது.” நான் மெஷின் செய்தது அவர்களுக்குப் பிரச்சினையாகவே இல்லாத ஒரு வேலைக்கு.

இறங்கும்போது மாமா பாட்டுக்கூடப் போடவில்லை. அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோது நான் வண்டியை விட்டு இறங்கவில்லை, பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்த மெஷின் இருப்பது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் அம்மா திட்டுவார் என்று பார்த்தால், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார். “அச்சு வெட்டறவங்களே மொதல்ல ஈயத்துல ஒண்ணு அடிச்சுப் பாத்துட்டுத்தான் வெள்ளிய வைப்பாங்க. உங்க காலேஜுல அப்படி ஏதும் சொல்லித் தரலையா?” சொல்லித் தந்திருந்தார்கள். எட்டு கட்டத்தில் ஆறாவது கட்டம். அதை மார்க்குக்கான வார்த்தையாக மட்டும் வைத்திருந்தேன்.

இரண்டாம் ரிவ்யூவுக்கு மூன்று வாரம். கையில் இருந்தது அம்மா கொடுத்ததில் மிச்சம் கொஞ்சமும் என் ஸ்காலர்ஷிப் பணம் 4,000-மும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்தத் தடவை நோட்டோடு. மாமா வண்டியிலேயே மேலே போய் இரண்டு நாள் அந்த வீட்டில் தங்கினேன். எதையும் செய்யவில்லை, எதையும் காட்டவில்லை, போனில் நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நடைக்கு 60 கிலோ அளவில் சரம். பாட்டியும் மருமகளும் சாக்கு விரித்து மிதிக்க 50 நிமிடம். பிறகு அதே இருவர் காம்பைப் பொறுக்கி, முறத்தில் புடைத்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல். நடுவில் பாட்டி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது ஏழு தடவை. இதெல்லாம் அரை நாளில் கண்ணில் பட்ட விஷயம். அந்த அரை நாளை ஜனவரியில் செலவழித்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போய்ப் பார்க்கிறேன் பேர்வழி என்று, ‘மெஷின் செய்து தந்தால் உங்களுக்கு உபயோகமா இருக்குமா?’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்த பிள்ளையிடம் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘ஆமா கண்ணு, நல்லா இருக்கும்’ என்பார்கள், நீங்களும் அதை சர்வே என்று ரிப்போர்ட்டில் பை சார்ட் போட்டுவிடுவீர்கள். நேற்று இதை எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், போன வருடம் எதையாவது மாற்றிப் பார்த்தீர்களா, இப்படி நடந்ததைக் கேளுங்கள். அந்த வீட்டில் ஏற்கனவே கட்டில் வலையைச் சாய்த்து வைத்துச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள், ஓட்டை பெரிதாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். அந்தத் தகவல் எந்தப் பேப்பரிலும் கிடைத்திருக்காது, மருமகள் அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

அதன் பிறகு பிரச்சினையை இப்படி எழுதினேன்: மிதித்து முடித்த 60 கிலோ சரத்திலிருந்து காம்பைப் பிரிக்க இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, குனிந்தபடி, இதை ஒரு மணி நேரத்துக்குள், நின்றபடி முடிக்க வேண்டும். மோட்டார், டிரம், சல்லடை எந்த வார்த்தையும் அதில் இல்லை. கீழே இரண்டு பட்டியல். மீறவே கூடாதவை ஒரு பக்கம்: கரண்ட் தேவைப்படக் கூடாது, ஒரு ஆள் பத்து நிமிடப் பாதையில் தூக்கிப்போகிற எடை, அதாவது 15 கிலோவுக்குள், செலவு 4,000-க்குள், தோல் உரியக் கூடாது. கூடக் குறைய இருக்கலாம் என்பவை இன்னொரு பக்கம்: வேகம், சத்தம், மடித்து வைக்க முடிவது, கழுவ முடிவது. இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. முதல் பக்கத்தில் ஒன்றில் தோற்றாலும் அந்த யோசனையை அடித்துவிட வேண்டும், இரண்டாவது பக்கத்துக்குத்தான் மார்க் போட்டு ஒப்பிடுவது. என் முதல் மெஷினை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நான்கிலும் ஃபெயில். இந்தப் பட்டியலை எழுத ஆன செலவு ஒரு பேனா மை.

யோசனைகள் என்று ஒன்பது வரைந்தேன், அசிங்கமான படங்கள்தான். சாய்ந்த சல்லடை, ஆட்டுகிற சல்லடை, ஊஞ்சல் மாதிரி தொங்குகிற தட்டு, தண்ணீரில் மிதக்க விடுவது, காற்றாடி, சுற்றுகிற சல்லடை டிரம் இப்படி. தேர்ந்தெடுக்க ஸ்டூவர்ட் பியூ என்கிற பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்த அட்டவணை பாடத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு, வகுப்பில் அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எல்லா யோசனைகளையும் ஒரு அடிப்படையோடு ஒப்பிட்டு, அதைவிட மேல் என்றால் பிளஸ், மோசம் என்றால் மைனஸ், ஒரே மாதிரி என்றால் சைபர் போட வேண்டும். அந்த அடிப்படையாக இப்போது அவர்கள் செய்கிற முறையையே வையுங்கள். கையால் பொறுக்குவதற்குச் செலவு இல்லை, கரண்ட் இல்லை, ரிப்பேர் இல்லை, மிளகும் நசுங்காது. அதை ஜெயிப்பது சாதாரணம் இல்லை என்பது அட்டவணை போட்டால்தான் தெரியும். ஒன்பதில் ஆறு யோசனை அங்கேயே அடிபட்டது. தண்ணீர் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது, மனசே இல்லாமல் அடித்தேன். மிஞ்சியதில் சுற்றுகிற சல்லடை டிரம் மேலே வந்தது: மிளகு ஓட்டை வழியாகக் கீழே விழும், காம்பு ஒரு முனை வழியாக வெளியே வரும்.

இந்தத் தடவை ஈயத்தில் அடிக்கிற வேலை. டிரம் செய்வதற்கு முன்னால் ஓட்டை அளவு தெரிய வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஆறு, எட்டு, பத்து எம்எம் ஓட்டை போட்ட தகடுத் துண்டுகள் மூன்றும் சேர்த்து 180 ரூபாய்க்குக் கிடைத்தன. மிதித்த மிளகு இரண்டு இரண்டு கிலோ எடுத்துக் கையாலேயே சலித்தேன். ஆறில் பச்சை மிளகு அடைத்துக்கொண்டது, பத்தில் காம்புத் துண்டும் சேர்ந்து விழுந்தது, எட்டு சரியாக வந்தது. 180 ரூபாயில் ஒரு பதில். முழு டிரம் செய்த பிறகு இது தெரிந்திருந்தால் தகடும் சுருட்டுகிற கூலியும் சேர்ந்து 2,000 போயிருக்கும்.

டிரம்முக்குச் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற 20 இஞ்ச் சைக்கிளின் ரிம் இரண்டு, அதுவும் பழைய இரும்பு. அதன்மேல் எட்டு எம்எம் தகட்டைச் சுற்றினால் 0.4 மீட்டர் விட்டத்தில் டிரம். ஆசை விடவில்லை, கை வலிக்காமல் வேகமாகச் சுற்றட்டும் என்று சைக்கிள் செயின் வைத்து 90 ஆர்பிஎம் வருகிற மாதிரி செய்தேன். சுற்றினால் மிளகு ஓட்டை வழியாக விழவே இல்லை, டிரம்மோடு ஒட்டிக்கொண்டு ராட்டினம் ஆடியது. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றுகிற டிரம்முக்கு ஒரு எல்லை வேகம் உண்டு, அதற்கு மேல் போனால் உள்ளே இருப்பது கீழே விழாது. 42.3-ஐ மீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த ஆர்பிஎம் வரும். 0.4-க்கு 67. நான் ஓட்டியது 90. அதில் பாதிக்கும் கீழே, 30 ஆர்பிஎம் அளவில் ஓட்டினால் போதும், அது கையால் நேராகச் சுற்றினாலே வருகிற வேகம். செயின், பல்சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். 620 ரூபாய் தண்டம், ஆனால் எடையும் மூன்று கிலோ குறைந்தது. அரைப் பக்கக் கணக்கை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, நான் இரண்டாவது தடவையும் பின்னால்தான் போட்டேன். ஒரே தடவையில் திருந்திவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, காம்பு வெளியே வருகிற பக்கத்தில் ரிம்மின் கம்பிகளில் காம்பு சிக்கி ஜடை போட்டுக்கொண்டது. கம்பிகளை வெட்டிவிட்டு மூன்று பட்டை வைத்து வெல்டிங். இந்த மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ போட்டு, விழுந்த மிளகில் காம்பு எத்தனை கிராம், காம்போடு வெளியே போன மிளகு எத்தனை கிராம் என்று சமையலறைத் தராசில் நிறுத்தி எழுதினேன். ஓட்டுவதற்கு முன்னாலேயே, நூறு கிராமுக்கு மேல் மிளகு வீணாகப் போனால் இந்த மாற்றம் தோல்வி என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் 130 வந்தால் ‘பரவாயில்லை, கிட்டத்தட்ட வந்துடுச்சு’ என்று நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வோம். சரிவு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஒரு பக்கக் காலுக்கு அடியில் செங்கல்லை வைத்தும் எடுத்தும் பார்த்தேன், கடைசியில் ஒரு செங்கல் படுக்கையாக வைத்தால் சரியாக இருந்தது. அட்ஜஸ்ட் செய்கிற திருகு எல்லாம் வரைந்து வைத்திருந்தேன், செங்கல்லே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம், பருவம். மிளகு அறுப்பு அங்கே பிப்ரவரி, மார்ச். கல்லூரியின் ரிவ்யூ தேதிக்கும் மிளகுக்கும் சம்பந்தமே இல்லை. மார்ச் கடைசி வாரம் நான் கடைசிச் சோதனைக்குப் போனால் மூன்று தோட்டத்தில் அறுப்பு முடிந்துவிட்டது. பதற்றத்தில் சந்தையில் சுண்டைக்காய்க் கொத்து வாங்கிவந்து டிரம்மில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். சுண்டைக்காய் எட்டு எம்எம்மில் போகவே போகாது. டிரம் ஆடாமல் சுற்றுகிறதா, கைப்பிடி தாங்குகிறதா என்பது மட்டும் தெரிந்தது, சாயந்திரம் அம்மா அதை வத்தக்குழம்பு வைத்தார். பிறகு பாட்டியே மேட்டில் இருந்த உறவுக்காரர் தோட்டத்தில் கடைசிக் கொடிகளிலிருந்து 20 கிலோ வாங்கித் தந்தார், அதற்குப் பணமும் வாங்கவில்லை. விளைபொருள் சம்பந்தமான ப்ராஜெக்ட் எடுத்தால் முதல் நாளே அறுப்பு எப்போது முடிகிறது என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கித் தேதி போடுங்கள்.

கடைசியில் நின்றது 14 கிலோ, 3,150 ரூபாய், தண்டமாய்ப் போன செயின் கணக்கைச் சேர்க்காமல். அந்த 20 கிலோவைப் பாட்டியும் அக்காவும் நின்றபடி 15 நிமிடத்தில் முடித்தார்கள், பிறகு கையால் பொறுக்க ஐந்து நிமிடம். 60 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம். முழு 60 கிலோ போட்டு நான் பார்க்கவில்லை, அதை ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் டிரம்மைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல மோட்டார் எங்கம்மா? இது சல்லடைதானே?” என்றார். தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்ல வராமல் நோட்டை நீட்டினேன். 82 கிலோ மெஷின் ஃபோட்டோ, 170 வோல்ட், தோல் உரிந்த மிளகை ஒட்டிவைத்த பக்கம், இரண்டு பட்டியல், அடித்த ஆறு யோசனை, 67 கணக்கு, ஒவ்வொரு சோதனையின் கிராம். அவர் உட்கார்ந்து பத்து நிமிடம் புரட்டினார், பக்கத்து பேட்ச் காத்துக்கொண்டிருந்தது. மார்க் நன்றாகத்தான் வந்தது, வகுப்பில் முதல் என்றெல்லாம் இல்லை. முதல் மார்க் வாங்கியது எல்இடி லைட்டெல்லாம் வைத்த ஒரு ப்ராஜெக்ட், எங்கே வாங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நோட்டு மட்டும் தேதி போட்டு அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். நான் முதல் ஏழு வாரத்துக்கு எழுதவில்லை, போனில் இருந்த ஃபோட்டோ தேதிகளையும் பில்களையும் வைத்து ஒட்டுப் போட்டேன், படிப்பவர்களுக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

முதல் மெஷினை என்ன செய்தேன் என்றால், மோட்டார் 2,500-க்குப் போனது, மிச்ச இரும்பை எடைக்குப் போட்டதில் 1,800. 26,000-த்தில் திரும்பி வந்தது 4,300. மிச்சத்தை அம்மாவுக்கு மாதம் ஆயிரமாகக் கொடுத்து வருகிறேன், வாங்கும்போதெல்லாம் எதுக்குடி என்பார், வாங்கிக்கொள்வார்.

இந்த வருடம் மாசியில் மேலே போனேன். டிரம் தாழ்வாரத்தில் இருந்தது, கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காலுக்கடியில் நான் வைத்த செங்கல்லைக் காணோம், அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு கருங்கல் இருந்தது. ஏன் பாட்டி என்றேன். “பனி எறங்கின அன்னிக்கு மிளகு ஈரமா இருக்குதில்ல கண்ணு, உன் செங்கல்லுக்கு அது நகரவே மாட்டேங்குது” என்றார். ஈர மிளகை நான் சோதிக்கவே இல்லை. கல்லின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், 15 சென்டிமீட்டர்.